டொக்டரிடம் அம்மாவைப் பற்றி மட்டும் கதைக்காதீர்கள்

இங்கிலாந்தில் அம்மாவையோ அப்பாவையோ, சுகமில்லாத மனைவியையோ கணவரையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படிப் பார்ப்பவர்களும் ஜீபியில், அதாவது குடும்ப டொக்டரிடம், தங்கள் பெயரைப் பதிந்து உதவி கேட்கலாம். எனக்கு இதெல்லாம் தெரியவரும்போது இரண்டரை வருடம் போய்விட்டிருந்தது. அதற்குள் கையில் இருந்த சேமிப்பு கரைந்தது, என் உடம்பும் கெட்டது. உங்களில் ஒருவருக்காவது அது மிச்சமாகட்டும்.

2022 நவம்பரில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பியபோது முதல் ஆறு வாரமும் காலையில் ஓர் ஆள் இலவசமாக வந்து போனார். அதோடு அது நின்றது. அப்பா இல்லை. அக்கா டொரன்டோவில். வடமேற்கு லண்டனில் இரண்டு அறை வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். நான் அப்போது பெற்றோல் ஸ்டேஷன் ஒன்றில் முழுநேர வேலை. வேலையை வார இறுதி இரவு ஷிப்ட் இரண்டாகக் குறைத்துக்கொண்டேன். அந்த இரண்டு இரவும் தெரிந்த ஒருவரை அம்மாவுக்குத் துணைக்கு வைத்துவிட்டுப் போவேன். மற்ற நேரமெல்லாம் நான்தான். சமைப்பது, தூக்கி இருத்துவது, குளிசை கொடுப்பது, இரவில் எழுந்து மலசலகூடத்துக்குக் கூட்டிப்போவது எல்லாம்.

இதில் வெளியே யாரும் பேசாத ஒரு விஷயம் உண்டு. நான் மகன். அம்மாவை நான் குளிப்பாட்ட வேண்டியிருந்தது. முதல் நாள் அம்மா துவாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் தம்பி, விடு" என்று அழுதார். நானும் குளியலறைக்கு வெளியே வந்து நின்று அழுதேன். அதன்பிறகு பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு அக்காவைக் காசு கொடுத்து வரச் சொன்னேன். மாதம் 400 பவுண்டுக்கு மேல் அதற்கே போனது. பெரியவர்களுக்கான பம்பஸ், கட்டிலுக்கு விரிக்கும் பிளாஸ்டிக், கைபிடிக் கதிரை எல்லாம் கடையில்தான் வாங்கினேன். பெற்ற தாயைப் பார்ப்பதற்குச் செலவுக் கணக்குப் பார்ப்பதா என்று எனக்குள்ளேயே ஒரு குரல் கேட்டுக்கொண்டிருக்கும். டொரன்டோ அக்காவும் போனில், "அம்மாவை வடிவாப் பார்த்துக்கொள்" என்பாள். அவள் அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் அதைக் கேட்டுவிட்டு போனை வைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

இவ்வளவு காலமும் ஜீபிக்குப் போகாமல் இல்லை. காலை எட்டு மணிக்குப் போன் எடுத்து வரிசையில் காத்திருந்து, அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போவேன். டொக்டர் ஆங்கிலத்தில் கேட்பார், நான் அம்மாவிடம் தமிழில் கேட்பேன், அம்மா "பரவாயில்லை எண்டு சொல்லு" என்பார், நானும் "ஷீ இஸ் ஓகே" என்பேன். மருந்துச் சீட்டோடு வெளியே வருவோம். அந்த அறையில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த என்னை யாரும் நீ யார், உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. இரத்தப் பரிசோதனை முடிவைப் போனில் கேட்டால், "நீங்கள் நோயாளி இல்லை, சொல்ல முடியாது" என்பார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்குப் போனில் தெளிவாகப் பேசவராது. அவர் வாயால் அனுமதி சொன்னால்தான் சொல்வோம் என்றால் நான் என்ன செய்வது?

2025 வசந்த காலத்தில் ஒருநாள் வேலையில் நின்றபடியே எனக்குத் தலை சுற்றி நெஞ்சு படபடத்தது. அடுத்த நாள் எனக்கென்று ஜீபியில் நேரம் எடுத்தேன். வழக்கமான டொக்டர் லீவு, அவருக்குப் பதிலாக வந்த ஒரு இளம் டொக்டர் இருந்தார். பிரஷர் பார்த்துவிட்டு, "வீட்டில் யாரைப் பார்க்கிறீர்கள்? எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள்?" என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்கி, முடிக்க முடியாமல் போய்விட்டது. ஐம்பது வயது ஆண்பிள்ளை ஒரு அந்நியப் பெண்ணுக்கு முன்னால் அப்படி உடைந்து அழுததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூச்சமில்லை, அன்றைக்கு அது வெளியே வந்திருக்காவிட்டால் நானும் விழுந்திருப்பேன். அவர் கம்ப்யூட்டரில் ஏதோ அடித்துவிட்டு, "உங்களைக் கேரர் என்று பதிந்திருக்கிறேன், இனி எங்கள் ஆட்கள் கூப்பிடுவார்கள்" என்றார்.

அந்தப் பதிவுதான் விஷயம். அநேகமான ஜீபிகளில் கேரர் ரெஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. சம்பளமில்லாமல் ஒருவரைப் பார்ப்பவர்களின் பெயர் அதில் இருக்கும். 2021 குடிசன மதிப்பீட்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்படி ஏறக்குறைய 50 இலட்சம் பேர் இருப்பதாக வந்தது. ஆனால் நீங்களாகச் சொல்லாவிட்டால் உங்கள் ஜீபிக்குத் தெரியாது. ரிசெப்ஷனில், "நான் என் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன், கேரர் ரெஜிஸ்டரில் என் பெயரைச் சேருங்கள்" என்று சொன்னால் போதும். ஒரு படிவம் தருவார்கள், சில இடங்களில் வெப்சைட்டிலேயே நிரப்பலாம். நீங்களும் அம்மாவும் வேறு வேறு ஜீபியில் இருந்தால் இரண்டு இடத்திலும் சொல்லுங்கள். உங்கள் உடம்பைப் பார்ப்பவர்களுக்கும் தெரிய வேண்டும், அம்மாவின் உடம்பைப் பார்ப்பவர்களுக்கும் தெரிய வேண்டும்.

பதிந்த பிறகு எனக்கு நேராகக் கிடைத்தவை இவை. இலையுதிர் காலத்தில் இலவச ஃபுளூ ஊசி. வயதானவரையோ ஊனமுற்றவரையோ பிரதானமாகப் பார்ப்பவருக்கு அது உண்டு. நான் விழுந்தால் அம்மாவும் விழுவார் என்பதுதான் காரணம். 40 முதல் 74 வயதுவரை உள்ளவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இருக்கிற ஹெல்த் செக். என் பிரஷருக்கு மருந்து தொடங்கினார்கள். எனக்கும் அம்மாவுக்கும் ஒரே நாளில் அடுத்தடுத்து நேரம் தந்தார்கள். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் சக்கர நாற்காலியோடு பஸ்ஸில் போகிறவனுக்குப் பெரிய உதவி.

எல்லாவற்றையும்விட உதவியது சோஷல் பிரிஸ்கிரைபர்தான். 2019க்குப் பிறகு இங்கிலாந்து ஜீபிகளில் இந்த வேலைக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள். மருந்து எழுத மாட்டார்கள். எங்கே என்ன உதவி இருக்கிறது, எந்தப் படிவம், யாரிடம் போக வேண்டும் என்று இருந்து கதைத்து வழிகாட்டுவார்கள். எங்கள் ஜீபியில் அப்படி ஒருவர் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. அவர் ஒரு மணித்தியாலம் என்னோடு இருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் கேட்டது, "அட்டென்டன்ஸ் அலவன்ஸ் எடுக்கிறீர்களா?" அப்படி ஒன்று இருப்பதையே அன்றுதான் கேள்விப்பட்டேன்.

பென்ஷன் வயதைத் தாண்டியவருக்கு நோயால் ஆறு மாதமாவது மற்றவர் உதவி தேவைப்பட்டிருந்தால் கிடைக்கும் பணம் அது. வருமானமோ சேமிப்போ பார்க்க மாட்டார்கள். 2025-26இல் கீழ் வீதம் வாரம் 73.90 பவுண்ட், பகலும் இரவும் உதவி தேவைப்பட்டால் 110.40 பவுண்ட். அம்மாவுக்கு 2023 மே மாதத்தில் இருந்தே தகுதி இருந்திருக்கும். ஆனால் விண்ணப்பித்த நாளுக்கு முந்திய காலத்துக்கு இது கிடைக்காது. கீழ் வீதத்தில் கணக்குப் பார்த்தாலே 7,500 பவுண்டுக்கு மேல் எங்கள் கையை விட்டுப் போயிருந்தது. அன்று இரவு குசினியில் இருந்து அந்தக் கணக்கைப் போட்டபோது வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. இத்தனை முறை அந்தக் கட்டடத்துக்குள் போய் வந்திருக்கிறோம், ஒருவராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை, அட்டென்டன்ஸ் அலவன்ஸ் உதவி எண்ணுக்குப் போன் எடுத்துப் படிவம் கேட்பது. போன் எடுத்த தேதியை எழுதி வையுங்கள். படிவத்தை ஆறு வாரத்துக்குள் திருப்பி அனுப்பினால் அந்தப் போன் எடுத்த நாளில் இருந்தே பணம் கணக்காகும். இணையத்தில் இருந்து இறக்கி நிரப்பினால் அது அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த நாள்தான் கணக்கு. பென்ஷன் வயது வராதவர்களுக்கு இதற்குப் பதிலாகப் பிஐபி என்ற வேறொன்று.

படிவத்தை நிரப்பும்போதுதான் எங்கள் ஆட்களின் பழக்கம் குறுக்கே வரும். "தானாக உடுப்பு மாற்றுவாரா?" என்று கேட்டால், ஒருநாள் மாற்றினாரே என்று 'ஆம்' போட மனம் வரும். அப்படி எழுதாதீர்கள். நல்ல நாளைப் பார்க்காமல் மோசமான நாளை எழுதுங்கள். பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பது, விழாமல் பார்த்துக்கொண்டிருப்பது, குளிசையை எடுத்துக் கையில் கொடுப்பது எல்லாம் உதவிதான். இரவில் எத்தனை முறை எழும்புகிறீர்கள் என்பதை ஒரு வாரம் கொப்பியில் குறித்துவிட்டு எழுதுங்கள். படிவத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் சில வேளை ஜீபியிடமும் கேட்பார்கள். அங்கேதான் அந்த "பரவாயில்லை" வந்து அடிக்கும். நாங்கள் சொல்லாத எதுவும் ஜீபியின் பதிவில் இருக்காது. அம்மாவின் பதிவில் பக்கவாதம் இருந்தது, மருந்து இருந்தது. இரவில் நனைவதோ, இரண்டு முறை விழுந்ததோ, அடுப்பை அணைக்க மறப்பதோ ஒரு எழுத்துக்கூட இல்லை. இப்போது நான் ஜீபிக்குப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், இதைப் பதிவில் சேருங்கள் என்று கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன்.

அம்மாவுக்கு மேல் வீதமே கிடைத்தது. அட்டென்டன்ஸ் அலவன்ஸ் வந்தால்தான், பார்ப்பவருக்கு அரசு தரும் கேரர்ஸ் அலவன்ஸை நான் கேட்க முடியும். வாரம் 35 மணித்தியாலமாவது பார்க்க வேண்டும், 2025-26இல் வாரம் 83.30 பவுண்ட். அம்மாவின் முடிவு வந்து மூன்று மாதத்துக்குள் கேட்டால் அம்மாவுக்குப் பணம் தொடங்கிய நாளில் இருந்தே தருவார்கள். இதில் ஒரு குழி இருக்கிறது. வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் கழித்த பிறகு வாரச் சம்பளம் 2025-26இல் 196 பவுண்டைத் தாண்டக் கூடாது என்றிருந்தது. ஒரு பவுண்ட் கூடினாலும் அந்த வாரத்துப் பணம் முழுதும் போகும், பிறகு கடிதம் போட்டுத் திருப்பிக் கேட்பார்கள். 2025 ஏப்ரலுக்கு முன் எல்லை 151 ஆக இருந்ததால் என் இரண்டு ஷிப்டுக்கும் அது கிடைத்திருக்காது. இப்போது நூலிழையில் உள்ளே நிற்கிறேன், கிறிஸ்மஸுக்கு ஒரு ஷிப்ட் கூடச் செய்யச் சொன்னால் மறுத்துவிடுகிறேன். எல்லை ஏப்ரலில் மாறும், ஒவ்வொரு வருடமும் பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்கப்படுபவர் தனியாக இருந்து, வருமானம் குறைந்த பென்ஷன்காரருக்கு அரசு தரும் பென்ஷன் கிரெடிட் எடுப்பவரானால், நீங்கள் கேரர்ஸ் அலவன்ஸ் எடுப்பதால் அவருடைய பணம் குறையக்கூடும். அந்த நிலையில் இருப்பவர்கள் ஆலோசனை சொல்லும் அமைப்புகளான சிட்டிசன்ஸ் அட்வைஸிலோ கேரர்ஸ் யூகேயிலோ ஒருக்கா கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

பம்பஸ் விஷயமும் அப்படித்தான். ஜீபி ஒரு கடிதம் எழுத, மலசலம் அடக்க முடியாதவர்களைப் பார்க்கும் கண்டினன்ஸ் நேர்ஸ் வந்து பார்த்தார், இப்போது வீட்டு வாசலுக்கே இலவசமாக வருகிறது. அதற்கு முன் கடையில் கொடுத்த காசைக் கணக்குப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது கவுன்சில், அதாவது உள்ளூராட்சிச் சபை. 2014ஆம் ஆண்டின் கேர் அக்ட் சட்டப்படி, பார்த்துக்கொள்பவருக்கென்று தனியாக ஒரு கேரர்ஸ் அசெஸ்மென்ட், அதாவது என்ன உதவி தேவை என்று பார்க்கும் மதிப்பீடு, கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. அதற்குக் காசு இல்லை, எத்தனை மணித்தியாலம் பார்க்கிறீர்கள், எவ்வளவு உழைக்கிறீர்கள் என்பதும் தடையில்லை. ஜீபி எழுதிவிடலாம், நீங்களே போன் எடுத்தும் கேட்கலாம். அசெஸ்மென்டுக்கு வந்த பெண் என்னிடம், "இதைத் தொடர்ந்து செய்ய உங்களுக்கு விருப்பமா?" என்று கேட்டார். அப்படி என்னிடம் யாரும் கேட்டதில்லை. விருப்பம்தான், ஆனால் அம்மாவைக் குளிப்பாட்டுவது மட்டும் என்னால் முடியாது, அம்மாவுக்கும் அது சித்திரவதை என்று திறந்து சொன்னேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார். அம்மாவுக்கும் தனியாக அசெஸ்மென்ட் நடந்தது. இப்போது காலையில் ஒரு பெண் வந்து குளிப்பாட்டி உடுத்திவிடுகிறார். பெண்தான் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். அம்மாவின் வருமானத்தைப் பார்த்து ஒரு சிறு தொகை எடுக்கிறார்கள், நான் முன்பு கொடுத்ததோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. குளியலறைக் கைபிடி போன்ற 1,000 பவுண்டுக்குள் வரும் சின்ன வேலைகளும் உபகரணங்களும், தேவை என்று அவர்கள் கண்டால் இலவசம். நீங்கள் ஓய்வெடுப்பதற்காக ஆள் வந்தால் மட்டும் கணக்கில் அது பார்க்கப்படுபவருக்கான சேவையாகிவிடும், அவருடைய வருமானத்தைப் பார்த்துத்தான் காசு கேட்பார்கள். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அசெஸ்மென்ட் வரவே பல வாரம் எடுத்தது, ஆகையால் நிலைமை முற்றும்வரை வைத்திருக்காதீர்கள்.

மொழிபெயர்ப்பைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். ஜீபியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இலவசம். நேரம் எடுக்கும்போதே கேட்க வேண்டும், இரட்டை நேரமும் சேர்த்துக் கேளுங்கள். எனக்கு ஆங்கிலம் வருமே, எதற்கு என்றுதான் இருந்தேன். அந்த இளம் டொக்டர்தான் வற்புறுத்தினார். போன் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல், மட்டக்களப்புத் தமிழ். நான் வெளியே இருந்தேன். உள்ளே அம்மா அவரோடு என்ன கதைத்தார் என்பதை அம்மாவின் சம்மதத்தோடு டொக்டர் பிறகு சொன்னார். நான் வேலைக்குப் போகும் இரவுகளில் பயத்தில் நித்திரை வருவதில்லையாம். எந்த நாள் என்பது மறந்துவிடுகிறதாம். "என்ர பிள்ளை குசினிக்குள்ள நிண்டு அழுகிறான், எனக்குத் தெரியும், நான் கேக்கிறேல்லை" என்று சொன்னாராம். இவ்வளவையும் அம்மா என்னைக் கொண்டு டொக்டரிடம் சொல்லுவித்திருக்கவே முடியாது. அன்றைய பேச்சில் இருந்துதான் மெமரி கிளினிக்குக்கு எழுதினார்கள், அங்கே வாஸ்குலர் டிமென்ஷியா, அதாவது மூளைக்கு இரத்த ஓட்டம் குறைவதால் வரும் மறதி நோய், என்று தெரிந்தது.

டிமென்ஷியா என்ற சொல் காதில் விழுந்தவுடன் இரண்டு வேலை செய்யுங்கள். முதலாவது, லாஸ்டிங் பவர் ஒஃப் அட்டர்னி, அதாவது அவருக்காக முடிவெடுக்க உங்களுக்கு அவர் எழுதித் தரும் அதிகாரம். உடல்நலத்துக்கு ஒன்று, காசு சொத்துக்கு ஒன்று. தான் என்ன செய்கிறார் என்று அவருக்கு விளங்குகிற காலத்தில்தான் அதைச் செய்யலாம். அந்தக் கட்டம் தாண்டினால் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், செலவும் காலமும் பல மடங்கு. நாங்கள் பதிந்தபோது ஒவ்வொன்றுக்கும் 82 பவுண்ட், 2025 நவம்பரில் 92 ஆகிவிட்டது. அம்மா பென்ஷன் கிரெடிட் எடுப்பதால் கட்டணம் விலக்கு. இரண்டாவது, கவுன்சில் வரி. டிமென்ஷியா முற்றியிருப்பதாக டொக்டர் கையெழுத்திட்டு, அட்டென்டன்ஸ் அலவன்ஸும் இருந்தால், வரிக் கணக்கில் அவரைச் சேர்க்க மாட்டார்கள். வீட்டில் மிச்சம் ஒரே ஒரு பெரியவர் என்றால் 25 சதவீதம் குறையும். எங்களுக்குக் குறைந்தது, பழைய மாதங்களுக்கும் சேர்த்துத் தந்தார்கள்.

பவர் ஒஃப் அட்டர்னி வரும்வரை காத்திருக்காமல், அம்மாவின் கையெழுத்தோடு ஒரு சம்மதப் படிவம் ஜீபியில் கொடுத்துவிடுங்கள். என்னோடு அம்மாவைப் பற்றிக் கதைக்கலாம் என்று அதில் இருக்கும். அதன்பிறகு எனக்கு ஒரு கேள்வியும் இல்லாமல் முடிவுகளைச் சொல்கிறார்கள், அம்மாவின் மருந்துகளை நானே ஆன்லைனில் கேட்கிறேன், பாமசி அவற்றை நாள்வாரியாகப் பெட்டியில் போட்டுத் தருகிறது.

வேலை செய்பவர்களுக்கு: 2024 ஏப்ரல் 6இல் இருந்து கேரர்ஸ் லீவ் அக்ட் நடைமுறையில் இருக்கிறது. வேலையில் சேர்ந்த முதல் நாளில் இருந்தே வருடத்துக்கு ஒரு வாரம் சம்பளமில்லாத லீவு எடுக்கலாம், அரை நாளாகவும் பிரித்து எடுக்கலாம். சம்பளமில்லைதான், ஆனாலும் கிளினிக்குக்குப் போவதற்குப் பொய் சொல்லி லீவு எடுக்க வேண்டியதில்லை.

அண்மையில் ஸ்பொன்சரில் அம்மா அப்பாவைக் கூப்பிட்டவர்கள் கவனமாக இருக்க வேண்டும். விசாவில் அரச உதவிப் பணம் எடுக்க முடியாது என்று இருந்தால் அட்டென்டன்ஸ் அலவன்ஸ் கேட்கவே கூடாது, பிறகு விசாவுக்கே பிரச்சினையாகும். ஆனால் ஜீபியில் பதிவது அதில் அடங்காது. நீங்கள் கேரராகப் பதிவதும், உங்களுக்கான கேரர்ஸ் அசெஸ்மென்டும் அதில் அடங்காது. இந்தப் பயத்தில் ஜீபிக்கே போகாமல் இருக்கும் இரண்டு குடும்பங்களை ஈலிங் அம்மன் கோயிலிலேயே எனக்குத் தெரியும். ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு இந்த அலவன்ஸ்களின் பெயரும் கொடுக்கும் அலுவலகமும் வேறு, அங்கே சோஷல் செக்யூரிட்டி ஸ்கொட்லாந்தில் கேளுங்கள்.

ரிசெப்ஷனில் உங்களைத் தட்டிக் கழித்தால் சண்டை பிடிக்க வேண்டாம், பிராக்டிஸ் மனேஜருக்கு ஒரு ஈமெயில் போடுங்கள். யாரைப் பார்க்கிறீர்கள், அவருடைய பிறந்த தேதி, நீங்கள் கேட்பது என்ன என்று நான்கு வரி போதும். எழுத்தில் போனதற்குப் பதில் வரும். அதற்கும் வராவிட்டால் உங்கள் பகுதியின் ஜீபி சேவைக்குப் பொறுப்பான இன்டக்ரேட்டட் கேர் போர்டுக்கு முறைப்பாடு எழுதலாம். எழுத்து வேலைக்கு உங்கள் வீட்டில் படிக்கிற பிள்ளைகள் உதவுவார்கள். ஆனால் டொக்டரின் அறைக்குள் அவர்களை மொழிபெயர்க்க விடாதீர்கள், அதற்கு அந்தப் போன் குரல் இருக்கிறது.